கர்க்கடகம் 31

பிணத்தின் கண்கள் திறந்தே இருந்தன...

கோம்பைக்கு மேலே, திருவிதாங்கூருக்கு ஏறும் மலைப்பாதையின் அடியில், பாறை இடுக்கில் கிடந்தான் ராக்கையா. மண்டை பிளந்திருந்தது.

சம்சாரம் பஞ்சம்மாள் அழவில்லை. பிணத்தின் இடுப்பைத்தான் பார்த்தாள்.

மஞ்சள் துணியில் அவள் முடிந்து கொடுத்த இருநூறு ரூபாயைக் காணோம்!

வரிப் பணம் அது. மலை உச்சிக்கு அந்தப் பக்கம் வேறு ராஜாவின் சீமை. அங்கே ராக்கையாவுக்குப் பத்து ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். இரண்டு வருஷ வரி நின்றுபோயிருந்தது. மலையாளத்துக் கர்க்கடக மாசம் முடிவதற்குள் கட்ட வேண்டும். தவறினால் அபராதம், எட்டு நாளில் ஏலம் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

காதுப் பாம்படத்தை விற்று, ஆடி முப்பத்தொன்று விடியலில் அவள்தான் அனுப்பிவைத்தாள்.

இன்று ஆவணி இரண்டு.

இன்ஸ்பெக்டர் செல்லப்பாண்டி வந்து இறங்கினார். ஆடு மேய்க்கும் ஜக்கம்மா சாட்சி சொன்னாள். ஆடி முப்பத்தொன்று மத்தியானம் மேலே ஓர் அலறல் கேட்டதாம். பயந்துபோய் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கி வந்தான் மலைச்சாமி. ராக்கையாவின் தம்பி. அப்பன் வைத்துவிட்டுப் போன தோட்டத்தில் மறுபாதி அவனுக்கு. அண்ணன் பாதிமேல் ரொம்ப நாளாகக் கண்.

"முப்பத்தொண்ணு மத்தியானம் நீ எங்கன இருந்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மலைச்சாமி பதறவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினான்.

மலைமேல் திருவிதாங்கூர் சர்க்கார் கச்சேரியில் தன் பங்குக்கு வரி கட்டிய ரசீது. முத்திரை இருந்தது. தேதி... கர்க்கடகம் 31.

"நம்ம ஆடிதான் அவுகளுக்குக் கர்க்கடகம். கச்சேரி இங்கனருந்து ஒரு நாள் நடை. அங்கன நின்னு வரி கட்டுனவன் இங்கன எப்படிய்யா அண்ணனைத் தள்ளுவேன்?"

இன்ஸ்பெக்டர் மதுரைக்காரர். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழிப்பறிக் கேஸ் என்று எழுதச் சொன்னார் ஏட்டிடம்.

மலைச்சாமி பஞ்சம்மாள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கவலைப்படாத மதினி. ஏலத்துல நானே எடுத்துக்கிறேன். வெளியாளுக்கா விடப்போறோம்?"

அவள் நிமிர்ந்தாள்.

"ஏலே... அந்தச் சீட்டுல என்ன தேதின்ன?"

"கர்க்கடகம் முப்பத்தொண்ணு."

அவள் விரல் மடக்கினாள். பத்து வருஷமாய் மலையாளத்துக் கூலியாட்களுக்கு அவர்கள் மாசப்படி நாள் எண்ணிக் கூலி கொடுத்தவள் அவள்.

"எழுதாதீகய்யா. மாசம் ஒண்ணுதான், பொறக்குற நாள் எப்பவும் ஒண்ணில்ல. இந்த வருசம் அவுகளுக்கு ஒரு நாள் பிந்திப் பொறந்துச்சு. கர்க்கடகம் முப்பத்தொண்ணு நமக்கு ஆவணி ஒண்ணு. நேத்து! முந்தாநாளு இவன் எங்கன இருந்தான்னு கேளுங்க."

மலைச்சாமி ஓடினான்.

நாலே எட்டு. ஏட்டு காலைத் தட்டிவிட்டார். மலைச்சாமியின் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தெறித்து விழுந்தது. அவள் போட்ட முடிச்சு... அவிழ்க்கக்கூட இல்லை!

பஞ்சம்மாள் கை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

"இது சாட்சிப் பொருள்மா. கேஸ் முடிஞ்சாத்தான் கைக்கு வரும்."

"எப்ப முடியும்?"

"வருஷமாகும். வக்கீல் வைப்பான், தவணை கேப்பான்..."

"எட்டு நாள்ல ஏலமய்யா. அபராதத்தோட இப்பக் கட்டுனாலும் ஏத்துக்கிருவாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

இன்ஸ்பெக்டர் மலை உச்சியைப் பார்த்தார்.

"அந்தப் பாறைக்கு அங்கிட்டு என் லத்தி வெறும் ஊன்றுகோலும்மா."

விலங்கு மாட்டிய கையோடு மலைச்சாமி திரும்பினான்.

"ஏலத்துக்கு எம் மாமனாரு போவாக மதினி."

பஞ்சம்மாள் புருஷனின் கண்களை மூடினாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"கொன்னவனுக்குத் தவணை... செத்தவுகளுக்குக் கெடு. நல்லாருக்குய்யா ரெண்டு சர்க்காரும்!"