சிலுவை நாள் விருந்து

சுரங்கத்தின் அடைபட்ட முனையிலிருந்து ஆட்டுக்கறி வாசனை வந்தது.

கற்றாழை மடலில் சுற்றிக் குழிக்குள் இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க வேகவிட்ட கறியின் வாசனை அது. எவாரிஸ்தோவுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். வாசனையில் தப்பில்லை, அது வந்த திசையில்தான் தப்பு. வருவதானால் பின்னாலிருந்து, அறுநூறு மீட்டர் தள்ளி, அவர்கள் இறங்கி வந்த கிணற்று வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்தப் பக்கம் வெறும் களிமண் சுவர். அதற்கப்பால் இன்னும் தோண்டாத நாற்பது மீட்டர் மண், அதற்கும் அப்பால் அமெரிக்காவில் ஏதோ ஒரு கிடங்கின் தரை. ஃப்ரெஸ்னில்லோவின் வெள்ளிச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் உழைத்தவன் அவன். மூடிய முனையிலிருந்து காற்று வராது, வாசனையும் வராது என்பது அவன் மூக்குக்கே தெரியும்.

"டேய், உனக்கு ஏதாவது வாசம் வருதா?"

கூடத் தோண்டும் கந்தேலாரியோ தண்டவாளத்துத் தள்ளுவண்டியில் சாய்ந்து, சிலுவைக்குச் சுற்றிய காகிதப் பூக்களைச் சரி செய்துகொண்டிருந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை. அதைத் தவிர அவனிடம் வேறு சட்டை இருப்பதாக யாரும் பார்த்ததில்லை.

"உன் வாசம்தான் வருது. குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"கறி வாசம்டா."

"பசி அண்ணே. உன் மூக்கு நமக்கு முன்னாடியே விருந்துக்குப் போயிடுச்சு."

எவாரிஸ்தோ சிரித்துவைத்தான். இன்று சிரிக்க வேண்டிய நாள். மே மூன்று, திருச்சிலுவை நாள். கொத்தனாரும் மண் வெட்டுகிறவனும் தான் வேலை செய்யும் இடத்தில் பூச்சுற்றிய சிலுவையை நட்டு வைப்பான், முதலாளி விருந்து போடுவார். போடாத முதலாளியின் வேலை உருப்படாது. ஊர் உலகத்துக்குத் தெரியாமல் எல்லைக்கு அடியில் தோண்டும் திருட்டுச் சுரங்கமானாலும் சிலுவை சிலுவைதான். கடத்தல்காரனுக்கும் சாமி பயம் உண்டு என்று கந்தேலாரியோ கேலி பேசுவான்.

தலைக்கு மேல் சத்தமே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், திஹுவானாவில், அந்தக் கிணறு ஒரு மரச்சாமான் பட்டறைக்குள் இருந்தது. ரம்பமும் இழைப்பு யந்திரமும் ஓடும் பகல் நேரத்தில்தான் கீழே இவர்கள் தோண்டுவார்கள், அந்த இரைச்சலில் இந்த இரைச்சல் அமுங்கிப்போகும். ஏழு மாதம் அந்த அதிர்வைக் காலில் வாங்கியே பழகிவிட்டதால், இன்றைய அமைதி எவாரிஸ்தோவுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. தச்சர்களுக்கும் விடுமுறை என்று நபோர் சொல்லியிருந்தான்.

நபோர் அவர்களுடைய மேஸ்திரி, அதைவிட முக்கியமாக கொம்பாத்ரே. எவாரிஸ்தோவின் மகள் சித்லாலிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்று, தண்ணீர் பட்டு வீறிட்ட குழந்தையைக் கையில் ஏந்தி, அவளோடு சேர்ந்து தானும் அழுதவன். அன்று வரை வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள் அன்றிலிருந்து நீங்க வாங்க என்றுதான் பேசினார்கள். கொம்பாத்ரேக்கு அந்த மரியாதை உண்டு. பெற்றவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன்தான். கந்தேலாரியோவின் பையனுக்கும் நபோர்தான் ஞானத்தகப்பன். இந்தத் தொழிலில் கூடப்பிறந்தவனை நம்ப முடியாது, கொம்பாத்ரேயை நம்பலாம். அந்த நம்பிக்கையில்தான் செல்போனைக் கொடுத்துவிட்டு, ஏழு மாதம் வெளியே தலைகாட்டாமல், சொன்ன திசையில் தோண்டிக்கொண்டே வந்தார்கள்.

காலையில் சிலுவையைக் கொண்டுவந்து கொடுத்ததும் நபோர்தான்.

"கொம்பாத்ரே, உங்க வேலை முடிஞ்சுது. மிச்சத்த அந்தப் பக்கத்து ஆளுங்க பாத்துக்குவாங்க. இன்னிக்கு விருந்து, நாளைக்கு உங்களுக்கு பஸ்."

"நெசமாவா?"

"அடுத்த ஞாயித்துக்கிழம சித்லாலிய நீங்களே பூசைக்குக் கூட்டிட்டுப் போங்க. சிலுவைய முனையில நட்டுட்டு அங்கயே இருங்க. முதலாளி இறங்கி வரேன்னிருக்காரு. நான் மேல போய் கறியும் ரொட்டியும் கொண்டாறேன். யாரும் கிணத்துப் பக்கம் வர வேணாம்."

எவாரிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்லாலிக்கு ஆறு வயது. அவன் கிளம்பியபோது முன்பல் விழுந்திருந்தது, இப்போது முளைத்திருக்கும். அதைப் பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இடது சுவரில் காற்றுக்குழாய் ஓடியது. அதனால் வலது சுவரில் குழி பறித்துச் சிலுவையை நடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். எவாரிஸ்தோ கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். இரண்டாவது குத்தில் மண் பொத்துக்கொண்டு, கடப்பாரை அவன் கையை இழுத்தபடி பாதிக்கு மேல் உள்ளே போனது. துளை வழியாக வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கறி வாசனை. இப்போது கந்தேலாரியோவுக்கும் வந்தது.

"அந்தப் பக்கம் யாரு சமைக்கிறா?" என்றான். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

மண்ணைச் சரித்து, ஆள் நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கினார்கள். உள்ளே இன்னொரு சுரங்கம். இதே உயரம், இதே அகலம். கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளில்கூட அதே பட்டறையின் நீல முத்திரை. எவாரிஸ்தோ தவழ்ந்து உள்ளே போய்த் தலை விளக்கை உயர்த்தினான்.

முதலில் சிலுவை தெரிந்தது. காகிதப் பூக்கள் வெளுத்துப்போயிருந்தன. அதன் அடியில் விரித்த துணியைச் சுற்றி ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோல் உலர்ந்து, எலும்போடு ஒட்டி, தாடை தொங்கிப்போயிருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு. நடுவில் பெரிய அலுமினியப் பானை.

"மாதாவே," என்றான் கந்தேலாரியோ.

எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? மூன்று? ஐந்து? எவாரிஸ்தோ பானையின் மேல் கை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான்.

பானை சூடாக இருந்தது.

"யாருன்னு பாக்கணும் அண்ணே. இவங்க வீட்டுல தேடிட்டிருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டே கந்தேலாரியோ பக்கத்தில் இருந்தவரின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டான். பிளாஸ்டிக் உறையில் ஒரு போட்டோ. கோயில் வாசல், வெள்ளை உடுப்பில் குழந்தை. குழந்தையைக் கையில் ஏந்தி நின்றது நபோர்.

கந்தேலாரியோ அடுத்தவரின் பையைப் பார்த்தான். வேறு கோயில், வேறு குழந்தை. நபோர். மூன்றாவதிலும் நபோர், அதில் மீசை இல்லாமல். நான்காவதில். ஐந்தாவதில். எல்லாப் படத்திலும் அவன் கண் கலங்கித்தான் இருந்தது.

எவாரிஸ்தோவின் சட்டைப் பையிலும் அப்படி ஒரு போட்டோ இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது. என் பிள்ளையை அந்தக் கையில் கொடுத்தேனே என்று நினைத்தான். நானே கொடுத்தேனே.

"கிணறு!" கந்தேலாரியோ துளை வழியாகப் பாய்ந்து ஓடினான். அவன் பூட்ஸ் சத்தம் தண்டவாளத்தில் தடதடவென்று தேய்ந்து போனது. எவாரிஸ்தோ பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்தான். இரண்டடி வைப்பதற்குள், குழாய்க்குள் காற்றைத் தள்ளிய விசிறி நின்றது.

தூரத்தில் கொழகொழவென்று ஏதோ விழும் சத்தம். கனமாக. நிற்காமல். கிணற்றுக்குள் கான்கிரீட். அதற்குள் கந்தேலாரியோவின் கத்தல்.

ஓடிப் பயனில்லை. சுரங்கக்காரனுக்குத் தெரியும்.

காற்றுக்குழாய்க்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"கொம்பாத்ரே, கேக்குதா?"

எவாரிஸ்தோ குழாய் வாயில் முகத்தை அழுத்தினான். "நபோர்! தெறங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

"சிலுவைய நட்டாச்சா?"

"இங்க அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. அஞ்சு பேர் பையிலயும் நீங்க இருக்கீங்க."

குழாய்க்குள் நபோர் மூக்கை உறிஞ்சினான்.

"அவங்க பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க, கொம்பாத்ரே. வருஷா வருஷம் போய்ப் பாக்கறேன். மூத்தது பள்ளிக்கூடம் முடிச்சுடுச்சு. ஒண்ணையும் நான் கைவிடல."

"நபோர்..."

"சித்லாலியயும் அப்படித்தான் பாத்துக்குவேன். அப்பா வடக்க போயிருக்காருன்னு சொல்றேன். மாதா மேல சத்தியம்."

அவன் அழுதுகொண்டிருந்தான். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். அதுதான் எவாரிஸ்தோவால் தாங்க முடியாமல் போனது. மரியாதை, சொந்தம் எல்லாம் விட்டுப்போய், பழைய வாடா போடாவில், வாய்க்கு வந்ததையெல்லாம் குழாய்க்குள் கத்தினான். குழாயின் மறுமுனையைத் துணி வைத்து அடைக்கும் சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

கிணற்றுப் பக்கம் கந்தேலாரியோ இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அறுநூறு மீட்டர் தள்ளி. தெளிவாகக் கேட்டது. கம்பியால் எதையோ இடிக்கிறான். பையன் பேரைச் சொல்லி அழுகிறான்.

பின்னால், துளைக்குள், தட்டில் தட்டு உரசியது.

எவாரிஸ்தோ திரும்பவில்லை. பேச்சுக்குரல் மாதிரி ஏதோ. மெல்லும் சத்தம். யாரோ பானையை நகர்த்தினார்கள்.

திரும்பினான். குனிந்தான். விளக்கைத் துளைக்குள் நீட்டினான்.

துணியைச் சுற்றி இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலை ஒடுக்கி, தோளோடு தோள் இடித்து. ஐந்து பேர் இல்லை. ஆறு பேர். ஆறாவது ஆள் முதுகைக் காட்டியபடி, தலை கவிழ்ந்து தின்றுகொண்டிருந்தான்.

ஆரஞ்சு நிறச் சட்டை.

தூரத்தில் கந்தேலாரியோவின் கத்தல் இன்னும் கேட்டது.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் தின்பதை நிறுத்தாமல், இடது கையால் பக்கத்துத் தரையைத் தட்டினான். அங்கே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.