சீலாவின் இடக்கை

உப்புக்குளத்தில் யசிந்தாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் படகைத் தொலைத்தவர்கள். மூழ்கிவிட்டதாகச் சொல்லப்படும் படகு உண்மையிலேயே மூழ்கியதா, இல்லை யாருடைய கொட்டிலிலாவது புதுப் பெயின்ற் பூசிக்கொண்டு நிற்கிறதா என்று காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பார்த்துச் சொல்வது அவள் தொழில். கணவனின் தம்பி றொசாந்தன் அவளுக்கு வாகனம் ஓட்டுவான், படம் பிடிப்பான், கேட்காமலே ஆலோசனையும் சொல்வான். முப்பது வயது தாண்டியும், மச்சாளைவிடத் தான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பை அவன் கைவிடவில்லை. பாவம், நல்ல பிள்ளை.

அன்று காலை வந்தவளிடம் படகு ஏதும் இல்லை. கறுப்பு அபாயா அணிந்திருந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், "அக்கா, நான்தான் சீலா" என்றாள்.

றொசாந்தன் துள்ளி எழும்பினான். "எந்தச் சீலா? அந்தக் கருவாட்டுச் சீலாவோ?"

"ஓம். பேர் அஸீபா. ஊர் சிலாவத்துறை."

சீலா என்றால் மன்னாரில் மீன். ஆனால் 'நீலமுத்து' என்ற கருவாட்டுக் கம்பனி அந்தப் பெயரில் ஒரு பொம்மைப் பெண்ணை உருவாக்கி விட்டிருந்தது. நீல முடி, காதுக்குப் பதில் மீன் செட்டை. கிழமைக்கு ஒருநாள் இணையத்தில் நேரடியாக வந்து பகிடி விடுவாள், பாட்டுப் படிப்பாள். முடிக்கும்போது சோற்றோடு கருவாட்டைப் பிசைந்து ஊட்டுகிற பாவனையில் கையை வாய்க்குக் கொண்டுபோய், "வாங்கோ, ஒரு வாய்!" என்பாள். கனடாவில் இருக்கிற சனம் அந்த ஒரு வாய்க்காகவே காத்திருந்து பார்த்தது. கமராவுக்கு முன்னால் உண்மையான ஒருத்தி இருந்து தலையை ஆட்ட, கையை அசைக்க, பொம்மையும் அப்படியே செய்யும். குரலையும் கொம்பியூட்டரே மாற்றிக் கொடுக்கும். யார் அந்த ஒருத்தி என்பது கம்பனி இரகசியம்.

"முகம் தெரியாத வேலை எண்டபடியாத்தான் வீட்டிலயும் சம்மதிச்சவை" என்றாள் அஸீபா. "போன சனிக்கிழமை பின்னேரம் சீலா திடீரெண்டு லைவில வந்தது. நான் இல்லை அக்கா. நான் வீட்டில பிள்ளையளோட இருந்தனான்."

றொசாந்தன் போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தான். சீலா கையசைத்தாள், முடியை ஒதுக்கினாள், சிரித்தாள். "தலைமன்னார்ப் பொம்பிளையள் கால் கழுவாம மிதிச்சுக் காயப்போட்ட கருவாடு. என்ர வீட்டுப் பூனைக்கும் நான் குடுக்கமாட்டன்." நடுவில் ஒரு ஈயை விரட்டினாள். பிறகு, "வாங்கோ, ஒரு வாய்" என்று கையை வாய்க்குக் கொண்டுபோனவள், "தூ" என்று துப்பினாள்.

ஈ விரட்டியதைப் பார்த்து றொசாந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

"கருவாடு காயப்போடுற பொம்பிளையள் கம்பனி வாசலில வந்து நிக்கினம்" என்றாள் அஸீபா. "முதலாளி முபீன் ஹாஜியார் இண்டைக்குப் பின்னேரம் அவையளுக்கு முன்னால லைவ் போட்டு, பேசினது ஆரெண்டு சொல்லப்போறார். என்ர பேர், என்ர படம் எல்லாம் போடப்போறார். கம்பனி லப்டொப் ஒண்டு என்ர வீட்டிலதானே இருக்கு, நான் இல்லையெண்டா ஆர் நம்புவினம்?" அவளுடைய குரல் உடைந்தது. "வேலை போனாப் போகட்டும். மாதாவைக் கும்பிடுற வேதக்காரப் பொம்பிளையளை முஸ்லிம் பொம்பிளை ஏசிப்போட்டாள் எண்டு கதை கட்டிவிடுவாங்கள். அது என்னோட நிக்காது அக்கா. என்ர பிள்ளையள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேணும்."

யசிந்தா போனை வாங்கி, சத்தத்தை நிறுத்திவிட்டு, வீடியோவை மறுபடி பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.

"என்ன மச்சாள், ஊமைப்படம் பாக்கிறியள்?"

"அவள் கதைக்கிறதை எல்லாரும் கேட்டிட்டினம். என்ன செய்யிறாள் எண்டு பாப்பம்" என்றாள் யசிந்தா. "வாகனத்தை எடு."

கம்பனி தலைமன்னார் வீதியில் இருந்தது. வாசலில் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கோபம் ஆறவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அஸீபா குனிந்த தலை நிமிராமல் அவர்களைக் கடந்து உள்ளே போனாள். அவள் யார் என்று தெரியாததால் ஒருத்தி, "வெயில் பிள்ளை, நிழலால போங்கோ" என்றாள். அதைக் கேட்டு அஸீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே கந்தோர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கோபத்தில் மூக்கு விடைத்துப்போன முபீன் ஹாஜியார். கொம்பியூட்டர் வேலைகளைப் பார்க்கும் அவருடைய மருமகன் றிஸ்லான். மற்றவள் சின்னக்கடைப் பகுதியைச் சேர்ந்த றொஷேல். சீலாவை வரைந்து அசைய வைத்தவள் அவள்தான். இனி என்ன செய்வது என்று கேட்க ஹாஜியார் கூப்பிட்டிருந்தார்.

"நீங்கள் ஏன் மிஸ் வீணா மினக்கெடுறியள்?" என்று ஹாஜியார் யசிந்தாவிடம் பாய்ந்தார். "உங்களோட வந்து நிக்கிற இந்த அஸீபாதான் சீலா. வேற ஆரும் இருந்து பேச ஏலாது. பேசினது போதாதெண்டு இடக்கையால தின்னுறாள்! சோத்தை இடக்கையால! வேணுமெண்டே செய்த வேலை இது."

றொஷேல் அஸீபாவை ஏறிட்டுப் பார்த்தாள். "இவவோ சீலா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இடக்கை ஒரு பெரிய விசயமில்லை ஹாஜியார். சீலா அப்பிடித்தானே சாப்பிடுறவ" என்றாள். ஹாஜியார் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கோபத்தில் இருக்கும்போது காதுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்.

"நீங்கள் லைவ் பாக்கிறனீங்களோ?" என்று யசிந்தா றொஷேலிடம் கேட்டாள்.

"ஒருநாளும் இல்லை. செய்து குடுத்ததோட என்ர வேலை முடிஞ்சுது."

"தம்பி, இதுக்கு முதல் சீலா இடக்கையால சாப்பிட்டிருக்கிறாளோ?"

"முதல் லைவில சாப்பிட்டவ மிஸ்" என்றான் றிஸ்லான். "சனம் ஏசித் தள்ளிப்போட்டுது. அண்டைக்கே நான் ஒரு செற்றிங்கை மாத்தினன். இங்கத்தைய மெசின், அஸீபா ராத்தாவின்ர லப்டொப், ரெண்டையும் சரிப்பண்ணினன். பிறகு அப்பிடி வரேல்லை."

"லைவ் கணக்கின்ர பாஸ்வேட் ஆரிட்ட இருக்கு?"

"என்னிட்ட, அஸீபா ராத்தாவிட்ட, றொஷேல் மிஸ்ஸிட்ட. கணக்கைத் திறந்தது றொஷேல் மிஸ். பிறகு மாத்தவேணும் எண்டு நினைச்சனான், மறந்துபோனன்." சொல்லிக்கொண்டே அவன் தேத்தண்ணி ஊற்றினான். இடக்கையால் ஊற்றினான்.

றொசாந்தன் அதைக் கண்டுவிட்டான். மச்சாளை முழங்கையால் இடித்தான். மேசையில் கிடந்த கடதாசியில் எதையோ எழுதித் தரச்சொல்லி றிஸ்லானைக் கேட்டான். அவன் இடக்கையால்தான் எழுதினான். கிரிக்கெட் விளையாடுவாயா என்று கேட்டான். இடக்கைத் துடுப்பாட்டக்காரனாம். இனி என்ன வேண்டும்? யசிந்தாவை வெளி விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சாள், ஆள் அம்பிட்டிட்டான்! வீடியோவில சீலா கையாட்டினது இடக்கை, முடி ஒதுக்கினது இடக்கை, ஈ விரட்டினது இடக்கை. இவன் அச்சொட்டான இடக்கைக்காரன்!"

"எனக்குப் பசிக்குது" என்றாள் யசிந்தா.

"மச்சாள்!"

அவள் உள்ளே போய் ஹாஜியாரிடமும் அதையே சொன்னாள். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், பசி என்று தன் வாசலில் ஒருத்தர் சொன்னால் முபீன் ஹாஜியார் தாங்கமாட்டார். உடனே ஆளனுப்பிச் சோற்றுப் பார்சல் எடுப்பித்தார். எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அஸீபா மட்டும் பார்சலைப் பிரிக்கவில்லை. யசிந்தா ஆறுதலாக, மீன் குழம்பைப் புகழ்ந்துகொண்டு சாப்பிட்டாள். றொசாந்தன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். குற்றவாளியை எதிரில் வைத்துக்கொண்டு குழம்பைப் புகழ்கிறாளே மனுஷி!

சாப்பிட்டு முடிந்ததும் அவள் சொன்னாள். "அஸீபா இதைச் செய்யேல்லை ஹாஜியார். றிஸ்லானும் செய்யேல்லை."

"றிஸ்லானோ? அவனை ஆர் இப்ப கேட்டது?" என்று ஹாஜியார் திகைத்தார்.

"எங்கட தம்பி கேட்டவர்" என்று அவள் றொசாந்தனைக் காட்டினாள். அவன் கூரையைப் பார்த்தான். "முதல்ல இந்த இடக்கையை எடுப்பம். சீலா சோத்தை இடக்கையால எடுத்தது அவமதிக்கத்தான் எண்டு நீங்கள் நினைக்கிறியள். சரி, ஆனா அவள் ஈயை விரட்டினதும் இடக்கையாலதான். முடியை ஒதுக்கினதும் இடக்கையாலதான். ஈயை அவமதிச்சு ஆருக்கு என்ன லாபம்? ஆகவே அது நடிப்பில்லை. தன்னை அறியாமல் கை அப்பிடிப் போயிருக்கு."

"அதைத்தானே நானும் சொன்னனான்! இடக்கைக்காரன்!" என்றான் றொசாந்தன், பொறுக்கமாட்டாமல்.

"சொன்னனி. ஆனா றிஸ்லான் இப்ப எந்தக் கையால சாப்பிட்டவர்?"

றொசாந்தன் றிஸ்லானைப் பார்த்தான். றிஸ்லானின் வலக்கை விரல்களில் குழம்பு இன்னும் காயவில்லை.

"வலக்கையாலதான் சாப்பிடுவன்" என்றான் றிஸ்லான். "இடக்கையால சோத்தைத் தொட்டா உம்மா அகப்பைக் காம்பால போடுவா."

"எங்கட வீடுகளிலயும் அப்பிடித்தான்" என்றாள் யசிந்தா. "எழுதட்டும், பந்து அடிக்கட்டும், ஈ விரட்டட்டும், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். சோறு மட்டும் வலக்கை. நாங்கள் மாதாவைக் கும்பிட்டாலும் நீங்கள் தொழுதாலும் இதில வித்தியாசம் இல்லை. இந்தக் கரையில வளர்ந்த இடக்கைக்காரர் எல்லாருக்கும் ரெண்டு கையிலயும் வேலை இருக்கு. ஈயையும் இடக்கையால விரட்டி, சோத்தையும் யோசியாமல் இடக்கையால எடுக்கிற ஆளை நான் இங்க கண்டதில்லை."

"அப்ப சீலா?" என்றார் ஹாஜியார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

யசிந்தா எழுந்து சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று வலக்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். "கண்ணாடிக்குள்ள நிக்கிறவளைப் பாருங்கோ. அவள் எந்தக் கையைத் தூக்கிறாள்? நான் ஒரு கையாலதான் எல்லாம் செய்வன். அவளும் ஒரு கையாலதான் எல்லாம் செய்வாள், ஆனா மற்றக் கையால. சீலா இடக்கைக்காரி இல்லை ஹாஜியார். வலக்கைக்காரி ஒருத்தியின்ர கண்ணாடி உருவம். றிஸ்லான் முதல் நாள் மாத்தினது அந்தக் கண்ணாடியைத்தான். இங்கத்தைய மெசினிலயும் அஸீபாவின்ர லப்டொப்பிலயும் அது மாறிப்போச்சு. அந்த ரெண்டில இருந்து பேசியிருந்தா சீலா வலக்கையாலதான் சாப்பிட்டிருப்பாள். மாத்தாத மெசின் ஒண்டு எங்கயோ இருக்கு. அதில இருந்து பேசின ஆளுக்கு, இடக்கைக்கு வந்த ஏச்சும் தெரியாது, மாத்தினதும் தெரியாது. தன்ர திரையில பாக்கேக்குள்ள கண்ணாடி பாக்கிறமாதிரி எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும்."

வாசலில் பெண்கள் கதைக்கும் சத்தம் கேட்டது.

"சீலா அப்பிடித்தானே சாப்பிடுறவ எண்டு காலையில ஒரு ஆள் சொன்னவ" என்றாள் யசிந்தா மெதுவாக. "முதல் நாளைக்குப் பிறகு சீலா அப்பிடிச் சாப்பிட்டதில்லை. உங்கட லப்டொப்பைத் திறந்து பாப்பமோ, றொஷேல்?"

றொஷேல் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பிறகு பிடியைத் தளர்த்தினாள். "தேவையில்லை" என்றாள்.

ஹாஜியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "உனக்கு நான் என்னடி குறை வைச்சனான்?"

"அது என்ர முகம் ஹாஜியார்." அவள் கத்தவில்லை. "கண், சிரிப்பு, தலையைச் சரிக்கிற விதம் எல்லாம் என்னைப் பாத்து நான் கீறினது. 'ஒரு வாய்' எண்டதும் நான் சொன்னதுதான். நீதான் சீலா எண்டு சொல்லித்தான் வேலையைத் தந்தனீங்கள். எல்லாம் முடிய, நீ சரிவரமாட்டாய், பயந்து பயந்து கதைக்கிறாய் எண்டு ஒரு போனில சொல்லி முடிச்சிட்டீங்கள். என்ர முகத்தை வேற ஆரோ போட்டுக்கொண்டு சிரிக்க எனக்குத் தாங்கேல்லை. தலைமன்னார்ப் பொம்பிளையளை ஏசினாத்தான் நீங்கள் சீலாவைத் தூக்கி எறிவீங்கள் எண்டு தெரியும். என்ர சின்னம்மாவும் அந்த வாசலிலதான் நிக்கிறா." அவள் அஸீபாவின் பக்கம் திரும்பினாள். "சீலாவுக்குப் பின்னால இருக்கிற ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு நான் யோசிக்கவே இல்லை. சத்தியமா யோசிக்கேல்லை."

"இப்ப யோசி!" என்றார் ஹாஜியார். "டேய் றிஸ்லான், லைவைப் போடு. இவளின்ர பேரையும் படத்தையும் நானே சொல்லுறன்."

"வேண்டாம் ஹாஜியார்." அஸீபாதான் சொன்னாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. "இன்னொரு ஆள் என்ர பேரைச் சொல்லப்போறார் எண்ட பயத்தில நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தனான். அது என்ன மாதிரி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் அதைச் செய்யாதேங்கோ." அவள் றொஷேலை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "ஆனா நான் உங்களுக்காகப் பொய்யும் சொல்லமாட்டன். உங்கட முகத்தைத்தானே ஆக்கள் பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டீங்கள்? போய்க் காட்டுங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

ஹாஜியார் யசிந்தாவைப் பார்த்தார். அவள் சோற்றுத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை முடிந்துவிட்டது. றொசாந்தனுக்குத்தான் என்னவோ போலிருந்தது. ஆளைப் பிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தான்.

பின்னேரம் வாசல் கதவைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் உள்ளே வந்து, சுவரோரமாகப் பெரிய திரைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்குள் ஒருத்தி, "இஞ்ச பார், எங்கட றொஷேல் நிக்கிறாள்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். றிஸ்லான் மைக்கைச் சரிசெய்துவிட்டு, வழக்கமாகக் கேட்பது போல, "சீலாவைப் போடட்டோ?" என்றான்.

"வேண்டாம்" என்றாள் றொஷேல்.

அவள் கமராவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் தடக்கியது, அதை மாற்றிக் கொடுக்க எந்த மெசினும் இல்லை. முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு தகப்பன் பெயரைச் சொன்னாள். அதன் பிறகு திரையை விட்டுத் திரும்பி, சுவரோரம் நின்ற சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை தான் பேசியதை ஒரு சொல் விடாமல் சொல்லத் தொடங்கினாள்.