பருப்புப் பொடி கேட்ட கடத்தல்காரன்

போன் அலறியது!

தி.நகர். 'சேரன் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்'. சேரன் பாடம் எடுப்பான். அட்மிஷன், ஃபீஸ், திட்டு எல்லாம் அவன் மனைவி ஜோதிலட்சுமியின் டிபார்ட்மென்ட்.

எடுத்தாள்.

"உன் புருஷன் எங்க கைல கீறான்." கரகரக் குரல். "போலீஸ் கீலீஸுன்னு போனே... அவ்ளோதான்!"

"அய்யோ! எவ்வளவு பணம் வேணும்?"

"பணம் வேணாம். பருப்புப் பொடி ரெண்டு கிலோ. ஆவக்கா ஊறுகா. புளிக்காய்ச்சல். ஒரு சின்ன குக்கர்..."

"என்னது?!"

"உள்ளார போட்டுக்குற தெர்மல் ட்ரெஸ்ஸு, நாலு செட்டு. நாளைக்கி மத்தியானம் பனகல் பார்க் பெஞ்சுல வெச்சிட்டு, திரும்பிப் பாக்காம போய்க்கினே இரு."

"அவரை எப்ப விடுவீங்க?"

"ஏழு மாசம் கழிச்சு பத்திரமா உட்டுர்றோம்!"

டொக்.

இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி எத்தனையோ கடத்தல்களைப் பார்த்தவர். குக்கர் கேட்ட கடத்தல்காரனை இன்றுதான் பார்க்கிறார்.

"மே மாசம். ஃபேன் காத்தே அனலா வருது. இவன் தெர்மல் கேக்கறானா?"

"ஆமா மேடம். எஃப்.ஐ.ஆர். போட்டுடுங்க."

"போலீசுக்குப் போகாதேன்னு மிரட்டியிருக்கானே... பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டுடுங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு விரோதி யாராவது?"

"எதிர்த்தாப்ல ஒரு சென்டர் இருக்கு மேடம். போர்டுல 'லண்டன் ரிட்டர்ன்'னு போட்டுட்டாங்க. நம்ம பசங்கள்ல பாதிப் பேர் அங்க ஓடிட்டாங்க. அதுலேர்ந்து இவருக்குத் தூக்கமே கிடையாது. எஃப்.ஐ.ஆர்..."

"போடறேம்மா!"

மறுநாள். பனகல் பார்க்.

பெஞ்சில் கனமான ஒரு பையை வைத்தாள் ஜோதிலட்சுமி. "படபடன்னு வருது மேடம், நான் கிளம்பறேன்" என்று மஃப்டியில் நின்ற அன்புச்செல்வியிடம் கிசுகிசுத்துவிட்டு ஆட்டோ ஏறினாள்.

ஒரு தாடிக்காரன் வந்தான். பையைத் தூக்கினான். முதுகு வளைந்தது. முனகிக்கொண்டே ஸ்கூட்டரில் வைத்தான்.

அன்புச்செல்வியின் ஜீப் பின்தொடர்ந்தது... சிந்தாதிரிப்பேட்டை... குறுக்குச் சந்து... ஒரு பழைய லாட்ஜ்... மாடி...

அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"வந்துட்டியா உபைத்? ஊறுகா எண்ணெய் கசியாம கட்டியிருக்காளா பாருடா! ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டுடுவாங்க!"

கதவை உதைத்துத் திறந்தார் அன்புச்செல்வி. துப்பாக்கி நீண்டது!

கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான் சேரன். அந்த அறையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்... அவனுடைய சூட்கேஸ்!

பையைப் போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினான் தாடிக்கார உபைத். "மேடம், நான் ஒண்ணும் பண்ணல! குரல் மட்டுந்தான் குட்த்தேன்! ஒண்ணா படிச்சவனாச்சேன்னு..."

"சேரன் சார். நீங்க சொல்லுங்க."

"லண்டன்ல ஏழு மாச இங்கிலீஷ் கோர்ஸ் மேடம். விசா வந்தாச்சு. நாளைக்கு ஃப்ளைட்."

"அதை வீட்ல சொல்லிட்டுப் போறதுதானே?"

"எப்படிச் சொல்றது? கல்யாணத்தன்னிக்கே உன்னை லண்டன் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்தவன். இந்த விசாவுல குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. அங்க வேலை பாக்கக் கூடாது. கோர்ஸ் முடிஞ்சதும் விசாவை நீட்டிக்கவும் மாட்டாங்க. நான் மட்டும் போறேன்னா கத்துவா. கடத்திட்டாங்கன்னா அழுவா. அழுகை பரவால்ல மேடம்..."

"பொடியைக் கடையில வாங்க வேண்டியதுதானே?"

"அவ கைப்பக்குவம் கடையில வராது மேடம்" என்றான் சேரன். அதை மட்டும் உண்மையான ஏக்கத்தோடு சொன்னான்.

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எஃப்.ஐ.ஆர். இல்லேன்னா திட்டிட்டு விட்டிருப்பேன். உங்க வீட்டம்மா விடாப்பிடியா நின்னு போட வெச்சுட்டாங்க. கேஸ் முடியற வரைக்கும் நீங்க ஊரை விட்டு நகரக் கூடாது. பாஸ்போர்ட்டை எடுங்க."

"மேடம்! என் போர்டு... லண்டன் ரிட்டர்ன்..."

சூட்கேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அந்தப் பையையும் பிரிங்க."

உபைத் பிரித்தான். பருப்புப் பொடி இல்லை. குக்கர் இல்லை. தெர்மல் இல்லை. சென்டரின் பழைய கிராமர் புத்தகங்கள்!

உபைத்தின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டான்.

"உங்க குக்கர் என் கைல இருக்கு!"

ஜோதிலட்சுமி!

"ஜோதி! எங்க இருக்கே?"

"ஏர்போர்ட்ல. செக்-இன் முடிஞ்சுது. லண்டனுக்கு."

"அதெப்படி? இந்த விசாவுல குடும்பம் வரக் கூடாதே!"

"குடும்பமாத்தான் வரக் கூடாது. நான் ஸ்டூடன்ட்டாப் போறேன். நீங்க அப்ளை பண்ணப்ப போன்ல மூடாம விட்ட விசா ரூல்ஸை அப்பவே படிச்சிட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். வாயே தொறக்கல. அதே கோர்ஸுக்கு நானும் அப்ளை பண்ணிட்டேன்."

"அப்போ... இந்தக் கடத்தல்..."

"உபைத் அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? உங்களை எப்படி நிறுத்தறதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். நீங்களே உங்களைக் கடத்திக்கிட்டீங்க!"

"என்னை ஏன்டி நிறுத்தணும்?!"

"விசா இன்டர்வியூல, கோர்ஸ் முடிஞ்சா திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்னு கேட்டாங்க. என் புருஷன் சென்னையிலதான் இருப்பார், எங்கயும் போக மாட்டார்னு சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல? அதான் எஃப்.ஐ.ஆர்.!"

சேரன் பாஸ்போர்ட்டை எடுத்து அன்புச்செல்வியிடம் நீட்டினான்.

"போர்டு எழுத ஆளைக் கூப்பிடுங்க. 'லண்டன் ரிட்டர்ன் ஜோதிலட்சுமி'. எழுத்து பெரிசா இருக்கட்டும்."

"எப்ப... எப்பம்மா வருவே?"

ஜோதிலட்சுமி தொண்டையைச் செருமினாள். குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டாள்.

"ஏழு மாசம் கழிச்சு குக்கரைப் பத்திரமா உட்டுர்றேன்! அதுக்குள்ள போலீஸ் கீலீஸுன்னு போனே..."

உபைத் போனருகே குனிந்தான்.

"அவங்க இங்கதான் கீறாங்க தங்கச்சி... சிரிச்சிக்கினு!"