பதினேழாம் அறைக்கு நாலு மணி

அன்று பிற்பகல் இரண்டாம் மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டலின் உரிமையாளரான பெரியவர், அவருடைய தங்கை, தங்கையின் மகளைக் கட்டிக்கொண்டு இப்போது ஓட்டலை நிர்வகித்துவரும் மாப்பிள்ளை, வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒலிக்காரம்மா. நால்வரும் தெளிந்த புத்தியோடு இருந்தார்கள். குடித்தவர் யாரும் இல்லை. தானும் கூட இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்த சமையல்காரர், அந்நேரம் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஒலிக்காரம்மா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு பெட்டிகள், தோளில் ஒரு சுருள் கம்பி. பழைய கட்டடங்களில் எங்கிருந்து என்ன சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். பெரியவர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். எழுபத்தோரு வயதிலும் முதுகு வளையவில்லை. யாரையும் உட்கார்ந்தபடி வரவேற்றுப் பழக்கமில்லாத குடும்பம் அது.

"நூறு கட்டடம் பாத்துட்டேன் ஐயா. பாதி பைப்பு, பாதி எலி" என்றார் ஒலிக்காரம்மா.

"பேய்?" என்றார் தங்கை.

"பேய் மட்டும் எனக்கு இன்னும் அமையலம்மா. நல்ல இடமா இருந்தா சொல்லுங்க."

தங்கை சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்த தந்தையின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மாடிப்படியைக் கை காட்டினார்.

அந்தப் படத்துக்குக் கீழே இன்றும் ஒரு கரும்பலகை தொங்குகிறது. இடது பக்கம் அறை எண், வலது பக்கம் மணி. எழுப்பச் சொல்லும் விருந்தாளிகளுக்காகத் தந்தை வைத்த பலகை அது. அதற்கென்று ஒரு விதியும் வைத்திருந்தார். எழுப்பப் போகிறவர் மூன்று முறை தட்ட வேண்டும். 'எழுந்துட்டேன்' என்று உள்ளேயிருந்து பதில் வரும் வரை கதவை விட்டு நகரக் கூடாது. வராவிட்டால் மறுபடி மூன்று. அதற்கும் வராவிட்டால் உடனே வந்து தந்தையிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியால்தான் ஓட்டலுக்குப் பேர். ரயிலைத் தவறவிடக் கூடாதவர்கள் பத்துத் தெரு தள்ளியிருந்தும் இங்கே வந்து படுத்தார்கள்.

தொல்லை தொடங்கியது அன்றைக்கு மூன்று வருடத்துக்கு முன். இரண்டாம் மாடி நடையில் மக்கிப்போன கம்பளத்தை மாப்பிள்ளை பிய்த்தெடுத்து, அடியில் இருந்த பழைய மரப் பலகைகளைத் தேய்த்து மெருகு போட்டார். அடுத்த வாரமே விருந்தாளிகளின் கருத்துப் புத்தகத்தில் ஒருவர் எழுதினார்: 'நாங்கள் சொல்லாமலே பிற்பகல் நாலு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புகிறார்கள். இது என்ன மரியாதை?' அறை எண் பதினேழு. பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். எழுந்து திறந்தால் வெளியே ஆள் இல்லை என்று எல்லோரும் எழுதினார்கள். கடைசியாக எழுதியவர் பெட்டியைக்கூடச் சரியாகப் பூட்டாமல் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு இது வேறு மாதிரி பட்டது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பேய் இருக்கிற ஓட்டல்னு வெளிய சொன்னா, ரெண்டு மாசத்துக்கு ரூம் கிடைக்காது."

"எங்கப்பா பேரு இருக்கிற வாசல்ல பேய் போர்டா? நல்லா இருக்கு மாப்பிள்ளை. பக்கத்துலயே என் படத்தையும் மாட்டிடுங்க, ஜோடியா இருக்கும்."

மாப்பிள்ளையை வாயடைக்க வைக்க அவருக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயை அடைக்கத் தெரியவில்லை. பேய் என்றால் யாருடைய பேய் என்று அடுத்த கேள்வி வரும். கேள்வி வந்தால், பதினேழில் செத்துக் கிடந்த அந்த நர்ஸ் வருவாள். அவள் பின்னாலேயே ஐம்பத்தோரு வருடப் பேச்சு வரும்: அன்றைய முதலாளி, பெரியவரின் தந்தை, அந்தப் பெண்ணை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். இதுதான் ஊர்ப் பேச்சு. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததை விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டும், பேச்சு நிற்கவில்லை.

ஆகவே பெரியவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒரே ஒரு முறை சோதனை. ஒன்றும் இல்லையென்றால் பதினேழைப் பற்றி இனி இந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏதாவது இருந்தால் மாப்பிள்ளை இஷ்டம்.

மரப்படி ஏறும்போது தங்கை மூச்சு வாங்கினார். மேலே வந்ததும் நடையின் பலகைகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"இந்தத் தரையை மறுபடி பாப்பேன்னு நினைக்கல. அண்ணன் இருபது வயசுல புது ஷூ வாங்கிட்டு வந்தார் பாருங்க, ஒவ்வொரு அடிக்கும் குவாக் குவாக்னு கத்தும். வாத்து, வாத்துன்னு சொல்லித் துரத்துவேன். ஒரு மாசம்கூட போடல. தூக்கிக் குப்பையில போட்டுட்டார்."

"கடிச்சுது, போட்டேன்" என்றார் பெரியவர். "வந்த வேலையைப் பார்ப்போம்."

பதினேழாம் அறை சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கண்ணாடி மேஜை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். வெயில் கட்டிலின் பாதி வரை விழுந்திருந்தது. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. சலவை சோப்பின் வாசனைக்கு அடியில் மட்டும் வேறொரு வாசனை, எரிந்து அணைந்த அடுப்பின் வாசனை, இருந்தும் இல்லாமலும் இருந்தது. குளியலறையில் இருந்த வெந்நீர் அடுப்பை எடுத்து ஐம்பது வருடமாகிறது.

ஒலிக்காரம்மா குழாய்களைத் தட்டிப் பார்த்தார். சுவரில் காதை வைத்தார். கூரைக்கு மேல் விளக்கடித்தார். பிறகு தலையணையின் நடுவில் கையால் ஒரு பள்ளம் செய்து ஒலிப்பதிவுக் கருவியை அதில் வைத்தார்.

"ஏன் அங்கே?" என்றார் பெரியவர்.

"தூங்கறவங்க காது எங்க இருக்குமோ, அங்க வெச்சாத்தான் அவங்க கேட்டது நமக்குக் கேக்கும்."

கதவைச் சாத்தினார்கள். நடை முழுக்க, படி முதல் பதினேழின் வாசல் வரை, முகப் பவுடரை மெல்லிசாகத் தூவினார் ஒலிக்காரம்மா. நால்வரும் நடையின் மறுகோடியில், துணி அறை வாசலில், நின்றுகொண்டார்கள். மணி நாலாக எட்டு நிமிடம்.

பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஐம்பத்தோரு வருடமாக அவர் சொல்லிவந்தது இதுதான். புது வேலையில் சேர வந்த ஒரு நர்ஸ் காலையில் வந்து இறங்கினாள். இரவெல்லாம் ரயிலில் விழித்திருந்தவள். வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டுத் தூங்கப் போவதாகவும் நாலு மணிக்கு எழுப்பும்படியும் சொன்னாள். அன்று எழுப்பும் முறை தன்னுடையது. தட்டினேன், 'எழுந்துட்டேன்' என்று பதில் வந்தது, இறங்கி வந்தேன். அடுப்பின் புகைக்குழாயில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்ததும், அறைக்குள் புகை திரும்பியதும், மறுநாள் கதவை உடைத்தபோதுதான் தெரிந்தது. உயிர் பிரிந்தது மாலையில் என்றார் டாக்டர். அப்படியானால் நாலு மணிக்கு எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாளே என்று விசாரணையில் கேட்டார்கள். தந்தை எழுந்து நின்றார். "என் மகன் தட்டினான். பதில் வந்தது. எங்கள் வீட்டில் பதில் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை" என்றார். அதற்கு மேல் அவரை யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

கீழே கூடத்துக் கடிகாரம் நாலு அடித்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

தெருவில் ஒரு வண்டி போயிற்று. தங்கையின் வளையல் ஒருமுறை சத்தமிட்டது. பவுடர் போட்டது போட்டபடி கிடந்தது. கால் மணி நேரம் நின்றார்கள்.

"எலிகூட இல்ல" என்றார் மாப்பிள்ளை, ஏமாற்றத்தோடு.

"முடிஞ்சுதா?" என்றார் பெரியவர். அவர் குரலில் பல வருடமாக இல்லாத ஓர் இலேசு இருந்தது. "எல்லாருக்கும் காப்பி சொல்லுங்க மாப்பிள்ளை."

"கருவியையும் கேட்டுட்டா என் வேலை முடிஞ்சுது ஐயா."

ஒலிக்காரம்மா அறைக்குள் போய்க் கருவியை எடுத்து வந்தார். துணி அறையில், மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, ஒரு சின்ன ஒலிபெருக்கியில் பொருத்தினார். முதலில் இரைச்சல். பிறகு கடிகாரம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

பிறகு காலடிகள்.

ஒலிக்காரம்மா தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

காலடிகள் படியேறி வந்தன. இளமையான, அவசரமான நடை. ஒவ்வொரு அடிக்கும் தோல் பிதுங்கிக் கத்தியது.

குவாக். குவாக். குவாக்.

கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

அமைதி. மூச்சை ஒருமுறை இழுத்து விடும் நேரம்தான். தெருவிலிருந்து யாரோ சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தார்கள். உடனே அந்த ஷூ திரும்பியது. வந்ததைவிட வேகமாகப் போயிற்று. படியில் இறங்கியது. தேய்ந்தது. நின்றுபோயிற்று.

"அவ்வளவுதானா?" என்றார் மாப்பிள்ளை.

ஒலிக்காரம்மா விரலை உதட்டில் வைத்தார்.

தலையணைக்கு மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். கனமான, ஈரமான மூச்சு. உதடு ஒட்டிப் பிரிந்தது.

"எழுந்துட்டேன்."

பெண் குரல். நாக்கு குழறியது.

"இருக்கீங்களா?"

விரிப்பு கசங்கியது.

"எழுந்துட்டேங்க... எழுந்திரிக்க முடியல. இருக்கீங்களா?"

நிற்கவில்லை. இருக்கீங்களா, இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக. நாலு அடித்த பிறகு கருவி கால் மணி நேரம் ஓடியிருந்தது. கால் மணி நேரமும் அதுதான்.

முடிந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கை ஒரு தலையணை உறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார்.

"வாத்து" என்றார், காதில் விழாத அளவுக்கு.

பிறகு, "அண்ணா. பதில் வந்துச்சுன்னு அப்பாகிட்ட சொன்னீங்களே."

"சொன்னேன்."

"வந்துச்சா?"

பெரியவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். அவருக்கு வியர்த்திருந்தது. "அழிச்சிடுங்கம்மா. போர்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாமா, நமக்குள்ளயே போகட்டும்."

"ஒரு பட்டன்தான் ஐயா" என்றார் ஒலிக்காரம்மா மெதுவாக. "நீங்க சொன்னா அழிச்சிடறேன். பைப்புன்னு எழுதிக் குடுத்துடறேன்."

பெரியவர் அந்தப் பட்டனைப் பார்த்தார். அதை அழுத்தினால் கீழே படத்தில் இருக்கும் மனிதரின் வார்த்தை நிற்கும். அவர் மேல் போட்ட பழிக்காக ஊரோடு ஐம்பத்தோரு வருடமாக முறைத்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தவர் இவர்தான். யாருடைய குற்றத்துக்காக அந்தப் பழி என்பதும் இவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அழிக்க வேண்டாம்" என்றார். "கீழே கூட்டாளிங்க சைக்கிளோட நின்னாங்க. நான் நிக்கல. அப்பாகிட்ட பொய் சொன்னேன். அவர் அதை நம்பி சபையில எழுந்து நின்னார். இதை அப்படியே எழுதுங்கம்மா. எங்கப்பா பூட்டல, பொய்யும் சொல்லல. ரெண்டும் தெளிவா இருக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றினார். பவுடரின் மேல் வெறுங்காலோடு நடந்து போனார். பதினேழின் கதவு திறந்துதான் இருந்தது. அதை இழுத்துச் சாத்திவிட்டு மூன்று முறை தட்டினார்.

"அம்மா, எழுந்துட்டீங்களா?"

பதில் இல்லை. மறுபடி மூன்று தட்டினார். தங்கை நாற்காலி கொண்டுவந்து போட்டார்; அவர் உட்காரவில்லை. நடையின் விளக்குகளைப் போட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பதிமூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், நாலு மணிக்கு அந்தக் கதவைத் தட்டினார். இறங்கி வரும்போது தங்கை படியடியில் நின்று கேட்பார்.

"பதில் வந்துச்சாண்ணா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு."

அந்தப் பதிமூன்று மாதமும் கருத்துப் புத்தகத்தில் பதினேழைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை.

ஒரு காலை அவர் தன் வீட்டில், தன் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். கிடத்தியபோது கால்களுக்கு எதுவும் அணிவிக்க வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டார். வெறுங்காலோடுதான் போனார். அன்று பிற்பகல் ஓட்டலில் இரண்டாம் மாடி முழுக்கக் காலியாக இருந்தது. கணக்குப்பிள்ளை கீழே கூடத்தில் இருந்தார். கடிகாரம் நாலு அடித்ததும் மேலே அந்த மாடியில் புது ஷூ கத்துவதை அவர் கேட்டார்.

இதைப் பற்றி இப்போது ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. நாலு மணிக்கு அந்த மாடியில் ஷூ சத்தம் வருகிறதாம், கதவைத் தட்டுகிறதாம், தட்டிவிட்டு ஓடிப்போகிறதாம்.

அது தவறு. சத்தம் வருவது உண்மை. மூன்று முறை தட்டுவதும் உண்மை. திரும்பிப் போவதை யாரும் கேட்டதில்லை.