வாளி ஊரின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தைக் காணோம். பென்னிதான் கிழித்திருப்பான். ஏழாம் வகுப்பே அப்படித்தான் சொன்னது. கல்பனாவுக்கும் அதே சந்தேகம்தான்.

கிரேஸ் மிஸ் பத்து நாள் பயிற்சிக்குப் போகும்போது, ஆண்டு விழாவுக்கான நாடகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே ஒரு ஜெராக்ஸ் பிரதி.

தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் அல்லவா? உடனே ஷிஃப்ட் போட்டுக்கொண்டார்கள். காலையில் படிப்பவர்கள் ஏ ஷிஃப்ட். மதியம் பி ஷிஃப்ட். வீட்டுக்குக் கொண்டுபோனால் சி ஷிஃப்ட். செவ்வாப்பேட்டையிலிருந்து புதிதாக வந்திருந்த பென்னிக்குக் கிடைத்தது முதல் சி ஷிஃப்ட். அதுவரை யாரும் நாடகத்தைக் கடைசிவரை படித்திருக்கவில்லை.

விசித்திரமான நாடகம் அது. ஓர் ஊரில் ஒருவர் திடீரென்று தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொள்கிறார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் பால்காரர் கவிழ்த்துக்கொள்கிறார். பிறகு போலீஸ்காரர். பிறகு ஊரே. ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சிறுமி மட்டும் வெறுந்தலையோடு நிற்கிறாள். எல்லா வாளிகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. அவள் வாயைத் திறக்கிறாள்.

அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை.

"சி ஷிஃப்ட்டுதான் கிழிச்சிக்கினு போயிருக்கு," என்றான் குணா. "எங்கப்பா கம்பெனிலகூட இன்னா ஒடைஞ்சாலும் சி ஷிஃப்ட் மேலதான் போடுவாங்க."

"நான் கிழிக்கல. என்கிட்ட வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு," என்றான் பென்னி.

"கிழிச்சவன் வேற எப்படிச் சொல்வான்?" என்றான் வகுப்புத் தலைவன் லோகு.

நான்கு நாட்களாக மதியச் சாப்பாட்டுக்குப் பென்னி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் பென்சில் கேட்டால்கூட எல்லோரும் பையை இறுக்கிக்கொண்டார்கள்.

இன்று மிஸ் திரும்பி வருகிறார்.

"மிஸ்கிட்ட சொல்லிடலாம். நாடகத்துல இவன் வேணாம்," என்றான் லோகு. "யாருக்கெல்லாம் ஓகே? கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. கல்பனாவின் கையும் பாதி உயர்ந்துவிட்டது. பென்னி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் குனிந்துகொண்டாள். மேசையில் நாடகம் கிடந்தது. மூலையில் ஸ்டேப்ளர் பின் அடித்த தாள்கள்.

கையை இறக்கி, பின்னை உற்றுப் பார்த்தாள். தாளைக் கிழித்திருந்தால் பின்னுக்கடியில் சின்னத் துண்டாவது மாட்டியிருக்கும். எதுவும் இல்லை. பின்னைக் கழற்றி மறுபடி அடித்த ஓட்டையும் இல்லை.

"லோகு, அந்தப் பக்கத்த நீ பாத்தியா?"

"நான் பாக்கல. குணாதான் சொன்னான்."

"குணா, நீ?"

"நான் எங்க பாத்தேன்? நீதான சொன்ன!"

"நானா?"

"ஆமா. ஸ்டேஷன்ல வண்டிக்கு நின்னுக்கினு இருந்தோமே, அப்போ. 'கடைசிப் பக்கத்த பென்னி உருவிட்டான் போல'ன்னு சொன்னியே."

கல்பனாவுக்குக் காது சுட்டது. சொல்லியிருந்தாள். முடிவு தெரியாத எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாள்.

பேசாமல் இருந்துவிடலாம். கைகள் இன்னும் இறங்கவில்லை.

அவள் எழுந்தாள். "மொதல்ல சொன்னது நான்தான். நானும் பாக்கல. சும்மா சொன்னேன்."

"சும்மாவா?" என்று குணா வாயைப் பிளந்தான்.

"ஆமா. இதுல கிழிச்ச தடமே இல்ல. நீங்களே பாருங்க."

பிரதி கைமாறியது. ஒவ்வொரு கையாக இறங்கியது. லோகுவின் கை மட்டும் நின்றது.

"அப்போ முடிவு எங்க?"

"அங்கேயேதான் முடியுது," என்றபடி கிரேஸ் மிஸ் உள்ளே வந்தார். "அவ என்ன சொல்லியிருப்பான்னு நீங்கதான் யோசிக்கணும்."

லோகு சந்தேகத்தோடு தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஜெராக்ஸ் கடைக்காரரு விட்டுட்டாரா மிஸ்?"

"கைய எறக்குடா!" என்றார் மிஸ்.

வகுப்பே சிரித்தது. பென்னி சிரிக்கவில்லை.

மதியம் கல்பனா தன் டப்பாவோடு பென்னி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சாரி பென்னி. எலுமிச்சை சாதம். எடுத்துக்கோ."

பென்னி டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி டப்பாவைப் பார்த்தான்.

"நீ மொதல்ல சாப்டு."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாய்."

இன்னொரு வாயும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திருப்பித் தரும்போது அதில் ஒரு பருக்கைகூட இல்லை.