பதினாறு குப்பி அம்பிசிலின்

1991 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. காலை 10.20.

டாக்டர் தட்சிணாமூர்த்தியின் மேஜைமேல் பதினாறு காலிக் குப்பிகள் நின்றன. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் நடத்துவது எட்டுக் கட்டில் நர்சிங் ஹோம். பேச்சைக் கேட்டால் எண்ணூறு கட்டில் என்று தோன்றும்.

"அத்தனையும் அம்பிசிலின். மருந்தை வெளியே வித்துட்டு, குழந்தைக்கு வெறும் தண்ணியை ஏத்தியிருக்கா. அலமாரிச் சாவி இவகிட்டதான் இருந்தது. அஞ்சு மணிக்கு போலீஸ் வருது" என்றார்.

'இவ' என்றது, சுவரோரம் நின்ற நர்ஸ் செல்வமேரியை. பதினோரு வருட சர்வீஸ். இன்று ஜீப்பில் ஏறினால் இனி எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது.

மருந்துகளைச் சோதிக்கும் டிரக் இன்ஸ்பெக்டர் பாலாம்பாள், டாக்டர் கொடுத்த காபியைத் தொடவில்லை.

"குழந்தைக்கு என்ன?"

"மூளைக்காய்ச்சல். செம்பாக்கத்துக் குழந்தை, நாலு வயசு. சனிக்கிழமை முதுகுத்தண்டு நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஹீமோஃபிலஸ் கிருமி, அம்பிசிலினுக்குச் சாகும். புதன் வரைக்கும் ஜுரம் இறங்கலைன்னா மருந்து உள்ளே போகலைன்னுதானே அர்த்தம்?"

"குழந்தை இப்போ எங்கே?"

"டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க." ஒரு கட்டில் காலியான வருத்தம் மட்டும் அவர் குரலில் இருந்தது.

பாலாம்பாள் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

"பதினாறும் நான்தான் போட்டேன் மேடம். மருந்து மாத்தலாமான்னு திங்கட்கிழமையே கேட்டேன். 'நீ டாக்டரா'ன்னார். பாப்பா அழுதா சாவிக் கொத்தை ஆட்டுவேன். சட்டுன்னு திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அதுக்குப் போய் நான் தண்ணி ஏத்துவேனா?"

காலை 11.40. அஸ்தினாபுரம்.

லேப் இருந்த வீட்டின் கேட்டில், 'உள்ளே அசைவம் கொண்டுவரக் கூடாது' என்று ஒரு பலகை. வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் பாலாம்பாளின் பையை எட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கோ. வர்றவா எல்லார் பையையும் பார்ப்பேன். ஜனவரியில லேப் ஆள் ஒருத்தன் கறிக்கடைத் தூக்கோட வந்தான். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணும் உள்ளே போனதில்லை."

"ரொம்ப உறுதியா சொல்றீங்களே?"

"ரிடையர் ஆனவன் சார்... சாரி, மேடம். வேற வேலை?"

உள்ளே லேப் முதலாளி வைத்தீஸ்வரன் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தார்.

"கிருமியை எதுல வளர்த்தீங்க?"

"சாக்லேட் அகார்ல மேடம். புஸ்தகத்துல போட்டிருக்கிறபடி."

"தட்டு இருக்கா?"

"கழுவிட்டோம்."

ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டும் ஒரு முழம் மல்லிகையும் இருந்தன. பாலாம்பாள் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள்.

மாலை 4.30. நர்சிங் ஹோம்.

வைத்தீஸ்வரனையும் வரவழைத்திருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். அங்கேயும் அதே கிருமிதான் வளர்ந்திருக்கு. ஆனா அம்பிசிலினை உடைச்சுப் போடற ரகம். பதினாறு இல்லை, அறுபது குப்பி போட்டாலும் சாகாது."

டாக்டர் மேஜையைத் தட்டினார். "திங்கட்கிழமை செத்துது, புதன்கிழமை சாகலையா? இவ அரைகுறையா மருந்து போட்டதாலதான் கிருமி தேறியிருக்கு! அதுக்கும் இவதான் காரணம்!"

"திங்கட்கிழமை அது செத்ததை யார் பார்த்தா?" பாலாம்பாள் வைத்தீஸ்வரன் பக்கம் திரும்பினாள். "சாக்லேட் அகாருக்கு என்ன வேணும்?"

"...ரத்தம்."

"ஆமாம். பழுப்பு நிறமாகற வரைக்கும் சூடு பண்ணின ரத்தம். அது இல்லாம இந்தக் கிருமி ஒரு புள்ளிகூட வளராது. ரத்தம் எங்கே வாங்கறீங்க?"

"கறிக்கடையில. ஆட்டு ரத்தம். வாராவாரம் தூக்குல வரும்."

"முட்டை ஓட்டைக்கூட மோப்பம் பிடிக்கற வீட்டுக்காரரைத் தாண்டியா? ஜனவரியில திரும்பிப் போன தூக்கு மறுபடி வரவே இல்லை. பத்து மாசமா நீங்க ஒரு கிருமியையும் வளர்க்கலை. வளராத கிருமி எந்த மருந்துக்குச் சாகும்னு எழுதி மட்டும் கொடுத்திருக்கீங்க."

வைத்தீஸ்வரனின் பல் உள்ளே போனது. "மைக்ராஸ்கோப்ல பார்த்தேன் மேடம்... அந்த மாதிரிதான் தெரிஞ்சுது. அம்பிசிலின்னு போட்டா டாக்டர்ஸ் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"இவர் கேட்டாரா?"

"இல்லை."

"கேட்டவளைத் திருடின்னுட்டார்" என்று பாலாம்பாள் ஃபைலை மூடினாள். "போலீஸ் வரட்டும். ஜீப்புல ஏற இப்போ வேற ஆள் இருக்கு."

டாக்டர் டிராயரிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜைமேல் எறிந்தார். "சரி சரி. திங்கட்கிழமை டியூட்டிக்கு வந்துடு." மன்னிப்பு என்ற சொல் அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4.00.

பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்துக்கு ஜுரம் விட்டிருந்தது. குழந்தை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. செல்வமேரி பின்னாலிருந்து சாவிக் கொத்தை ஆட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினாள்.

"நானும் காலைலேர்ந்து கூப்ட்டுகினே கீறேன் அக்கா" என்றாள் தாய் செல்லியம்மாள். "இன்னான்னே தெர்ல, திரும்பவே மாட்டேங்குது."

செல்வமேரி எதிரே போய் நின்றாள். சாவிக் கொத்தைக் கண்டதும் குழந்தை சிரித்துக் கை நீட்டியது.

திங்கட்கிழமை காலை 9.00.

கொத்து டாக்டரின் மேஜைக்குத் திரும்பி வந்தது.

"என்ன மேரி, டியூட்டி டிரஸ் போடலையா?"

"போடலை சார். பாப்பா பிழைச்சுடுச்சு. காதுதான் போயிடுச்சு. போன திங்கட்கிழமையே மருந்து மாத்தியிருக்கலாம்."