பிலிப்புவுக்கு மடித்த வெற்றிலை

கோயில் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க, ஆர்மோனியப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருநகரில் கனிசியஸ் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எண்பத்தொன்பதாம் ஆண்டு. வெயில் எறித்த பின்னேரம்.

ஒரே இரவில் ராசாவாகவும் ராணியாகவும் அரக்கனாகவும் பாடி மேடையை ஆண்டவர் மாஸ்டர். அந்த நாளில் மற்றவர்களுக்குக் குரல் பழக்கினார். அன்று அவருடைய மகள் பெர்னடெட் மட்டும்தான் இருந்தாள். பெருநாள் நாடகம் அவளுக்கு முதல் மேடை. அவளுடைய குரலை விட்டால் அந்த மனிதருக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை.

அவர் ஓரடி பாடினார். அவள் திருப்பிப் பாடினாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு குரலும் பாடியது.

கரகரத்த ஆண்குரல். ஆனால் சுருதி பிசகவில்லை. அறை முழுக்கக் கடல்தண்ணீர் மணத்தது.

"ஆர் உது?" என்றார் மாஸ்டர்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆர்மோனியக் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஆறு வருசத்துக்கு முதல், மாஸ்டர் கட்டிவந்த ராசா வேசம், கடலுக்குப் போகும் இளம் பாட்டுக்காரன் பிலிப்புவுக்குப் போகப் பார்த்தது. தின்றால் குரலை அழித்துவிடும் செந்தூரத்தை மாஸ்டர் என்னிடம் தந்தார். அதை வெற்றிலைக்குள் வைத்து மடித்து, கராம்பு குத்திக் கொடுத்த பாவி நான்தான். "தொண்டைக்கு நல்லது, மாஸ்டர் தந்துவிட்டவர்" என்றேன். "பெரிய உபகாரம், அண்ணை" என்று சிரித்துக்கொண்டு வாங்கினான். குரல் போயே போய்விட்டது. அடுத்த மாரியில் அவனுடைய வள்ளம் கவிழ்ந்தபோது, கூப்பிடு தூரத்தில் நாலு வள்ளங்கள் நின்றன. அவனால் கூப்பிட முடியவில்லை.

பெர்னடெட் இருமினாள். உதடு சிவந்திருந்தது.

"வெத்திலை போட்டனியோ, பிள்ளை?"

"ஓம் பப்பா. வாசல் படலையடியிலை ஒருத்தர் தந்தவர். உடுப்பெல்லாம் ஈரம். தொண்டைக்கு நல்லது, மாஸ்டர் தந்துவிட்டவர் எண்டு..."

அதற்கு மேல் அவளுக்குக் காற்றுத்தான் வந்தது.

மாஸ்டர் நிலத்தில் விழுந்து கும்பிட்டார். "பிலிப்பு, அவள் என்னடா செய்தவள்? என்ரை தொண்டையை எடடா!"

மூலைக்குள் அடுத்த அடி கேட்டது. பெர்னடெட் பாடவேண்டிய அடி.

இந்தமுறை கரகரப்பு இல்லை. அது பெர்னடெட்டின் குரல்.

அவளுடைய வாயோ மூடியிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

கட்டைகளின் மேல் ஒரு வெற்றிலைச் சுருள். நனைந்து கிடந்தது. மடிப்பு என் கைமடிப்பு.

எப்போதும் என்னை மாமா என்று கூப்பிடும் அந்தப் பிள்ளையின் குரல், என் காதோடு கேட்டது.

"தொண்டைக்கு நல்லது, அண்ணை."